மனசு சரியில்லையா? அட்ரினலையும் கேளுங்கள்

1948 செப்டம்பர் 21. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர் நகரில், மேயோ கிளினிக்கில் இருந்த 29 வயதுப் பெண்ணுக்கு ஓர் ஊசி போடப்பட்டது. ருமட்டாய்டு மூட்டுவாதம் அவருடைய மூட்டுகளை இறுக்கி, எழுந்து நடமாட முடியாமல் செய்திருந்தது. ஊசியில் இருந்த மருந்துக்கு அப்போது ஊரறிந்த பெயர் கிடையாது. ஆய்வகத்தில் ‘காம்பவுண்ட் ஈ’ என்பார்கள். வேதியியலாளர் எட்வர்ட் கெண்டல், மாடுகளின் அட்ரினல் சுரப்பிகளை டன் கணக்கில் வாங்கி ஆராய்ந்து பிரித்தெடுத்த பொருள்களில் அதுவும் ஒன்று. மூட்டுவாத மருத்துவரான பிலிப் ஹென்ச், அதைத் தன் நோயாளிக்குக் கொடுத்துப் பார்க்கத் துணிந்தார்.

சில நாள்களிலேயே அந்தப் பெண் நடக்கத் தொடங்கினார். ஒரு வாரத்தில் கடைத்தெருவுக்குப் போய்வந்தார். மருத்துவ உலகமே திரும்பிப் பார்த்தது. கார்டிசோன் என்று அந்த மருந்துக்குப் பெயர் வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1950-இல், கெண்டல், ஹென்ச், சுவிட்சர்லாந்தின் தடயஸ் ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கார்டிசோன் எடுத்துக்கொண்ட நோயாளிகள் சிலரிடம் மூட்டுக்கு அப்பாலும் ஏதோ நடந்துகொண்டிருந்தது. இரவெல்லாம் தூங்காமல் விழித்திருந்தார்கள். காரணமில்லாத பேரானந்தம், ஓயாத பேச்சு, எதையும் சாதித்துவிடலாம் என்ற மிதப்பு. சிலருக்கு அது தலைகீழாகத் திரும்பி அழுகையாக, சந்தேகமாக, இல்லாத குரல்கள் கேட்பதாக ஆனது. 1955-இல் அமெரிக்காவின் நியூயார்க்கர் பத்திரிகையில் பெர்டன் ருஷே என்ற மருத்துவச் செய்தியாளர், கார்டிசோன் சாப்பிட்ட ஒரு பள்ளி ஆசிரியர் மனநிலை தடுமாறிய கதையை எழுதினார். அடுத்த ஆண்டே நிக்கோலஸ் ரே அதைத் திரைப்படமாக எடுத்தார். உயிரைக் காப்பாற்றிய மருந்து அந்த ஆசிரியரின் வீட்டையே உலுக்கியது.

அந்த ஆசிரியரின் குணம் கெட்டுப்போகவில்லை. மாத்திரையில் இருந்த ஹார்மோன் அவர் மூளையைத் தொட்டிருந்தது. எழுபது ஆண்டுகள் கழிந்த பிறகும் இந்த ஒரு விஷயம் நம் வீடுகளுக்கும், பல நேரங்களில் நம் மருத்துவமனைகளுக்கும் போய்ச் சேரவில்லை என்பதே என் ஆதங்கம்.

ஐந்து கிராம் சுரப்பி

இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி வைத்தாற்போல் உட்கார்ந்திருக்கின்றன அட்ரினல் சுரப்பிகள். பாடப்புத்தகங்களில் அண்ணீரகச் சுரப்பி என்றிருக்கும். ஒவ்வொன்றும் நான்கைந்து கிராம்தான் இருக்கும். உள்பகுதி அட்ரினலினைச் சுரக்கிறது. வெளிப்பகுதியில் மூன்று அடுக்குகள்: உப்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளும் ஆல்டோஸ்டிரோன் ஓர் அடுக்கில், கார்டிசால் இன்னொன்றில், ஆண்தன்மை ஹார்மோன்கள் மூன்றாவதில் உருவாகின்றன. இந்தக் கட்டுரையின் நாயகன், கார்டிசோனின் நெருங்கிய உறவான கார்டிசால்.

எவ்வளவு கார்டிசால் வேண்டும் என்பதை முடிவுசெய்வதே மூளைதான். மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரிச் சுரப்பிக்குச் சொல்கிறது. பிட்யூட்டரி, ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் அனுப்பி அட்ரினலுக்குச் சொல்கிறது. அட்ரினல் கார்டிசாலைச் சுரக்கிறது. சுரந்த கார்டிசால் ரத்தத்தின் வழியே மூளைக்குத் திரும்பி வந்து, ‘போதும்’ என்று தடுக்கிறது. கொழுப்பில் எளிதில் கரைவதால் மூளையின் பாதுகாப்புத் திரையைக் கடப்பது அதற்குச் சிரமமில்லை.

மூளைக்குள் அது எங்கே போகிறது? 1968-இல் நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் புரூஸ் மெக்யூவனும் சகாக்களும் இதற்கு விடை கண்டார்கள். கதிரியக்கக் குறியிட்ட ஹார்மோனை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது, அது ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் போய்த் தங்கியது. புதிய நினைவுகளைப் பதிவுசெய்யும் இடம் அது. மேல்வயிற்றின் பின்புறத்தில் சுரக்கும் ஒரு ஹார்மோனுக்கு நினைவின் நடுக்கூடத்திலேயே இருக்கை போடப்பட்டிருந்தது. உடலை மூளை ஆள்கிறது என்று மட்டும் பேசிக்கொண்டிருந்த காலத்தில், மூளையையே ஹார்மோன் மாற்றியமைக்கிறது என்று காட்டிய அந்த ஆய்வைத் திருப்புமுனை என்று தயங்காமல் சொல்லலாம்.

1980-களில் நெதர்லாந்தின் ரான் டி க்ளோட் குழு அடுத்த அடியை வைத்தது. கார்டிசாலைப் பிடித்துக்கொள்ள மூளையில் இரண்டு வகை ஏற்பிகள் உண்டு. முதல் வகை, கார்டிசால் குறைவாக இருக்கும்போதே பிடித்துக்கொள்ளும்; அன்றாட விழிப்புக்கும் நிதானத்துக்கும் அது வேண்டும். இரண்டாம் வகைக்குப் பிடிமானம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். காலை உச்சத்திலும் நெருக்கடியின்போதும் கார்டிசால் பெருகினால்தான் அது நிரம்பும். முதல் வகை காலியாகக் கிடந்தாலும் ஆபத்து, இரண்டாம் வகை எந்நேரமும் நிரம்பி வழிந்தாலும் ஆபத்து. அட்ரினல் நோய்களில் மூளைக்கு நேர்பவற்றில் பெரும்பகுதியை இந்த ஒன்றை வைத்தே விளங்கிக்கொள்ள முடியும்.

கூடினால் சுருங்கும் நினைவு

அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1912-இல் ஓர் இளம்பெண்ணின் நோயைப் பதிவுசெய்தார். நிலவு போல் வட்டமான முகம், பருத்த வயிறு, மெலிந்த கை கால்கள், நின்றுபோன மாதவிடாய். 1932-இல் இதன் பின்னால் பிட்யூட்டரியில் வளரும் ஒரு சிறு கட்டி இருக்கலாம் என்று அவர் எழுதினார். அந்தக் கட்டி ஓயாமல் ஏ.சி.டி.எச். அனுப்ப, அட்ரினல் ஓயாமல் கார்டிசாலைக் கொட்டுகிறது. சிலருக்குக் கட்டி அட்ரினலிலேயே வரும். உடலுக்குள்ளிருந்தே வரும் இந்த நோய் அபூர்வமானது. பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் புதிதாக வரும்.

குஷிங் நோயாளிகளில் பாதிப் பேருக்கு மேல் மனச்சோர்வு இருக்கிறது. எரிச்சல், தூக்கமின்மை, சட்டென்று கண்ணீர், பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் மறந்துபோவது எல்லாம் உண்டு. பலருக்கு முகம் வட்டமாவதற்கு முன்பே மனம் மாறத் தொடங்கிவிடுகிறது. நோயைக் கண்டுபிடிக்கச் சில ஆண்டுகள் ஆவது சகஜம். அதுவரை அந்தப் பெண் (நோயாளிகளில் பெரும்பான்மையோர் பெண்கள்) கேட்பதெல்லாம் உடம்பைக் குறை, கவலையை விடு, யோகா செய் என்ற அறிவுரைகள்தான். உடம்பு ஊதியதற்கு வாயைக் குற்றம் சொல்லி, மனம் உடைந்ததற்கு மனத்தையே குற்றம் சொல்லி, இரண்டு பழியையும் ஒருவரே சுமக்கும் கொடுமை இது.

மிச்சிகன் பல்கலைக்கழக மனநல மருத்துவர் மோனிகா ஸ்டார்க்மேன், குஷிங் நோயாளிகளின் மூளையை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அளந்தார். 1992-இல் வந்த அவருடைய ஆய்வில், கார்டிசால் அளவு கூடக்கூட ஹிப்போகாம்பஸ் சிறுத்திருந்தது. அது சிறுத்தவர்களுக்குச் சொற்களை நினைவில் வைக்கும் திறனும் குறைந்திருந்தது. அதோடு நின்றிருந்தால் அது வெறும் துக்கச் செய்தி. 1999-இல் அவர் அடுத்த ஆய்வை வெளியிட்டார். சிகிச்சை பெற்று கார்டிசால் சீரான 22 பேரை மறுபடி ஸ்கேன் செய்தபோது, சுருங்கிய ஹிப்போகாம்பஸ் மீண்டும் வளர்ந்திருந்தது. சராசரியாக 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல். சிலருக்கு 10 விழுக்காடு வரை.

முதிர்ந்த மூளையின் ஒரு பகுதி இளைத்து மறுபடி தேறும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆய்வுகள் அன்றைக்கு மிகக் குறைவு. கார்டிசால் மிகும்போது நரம்பணுக்களின் கிளைகள் குட்டையாகின்றன, புதிய அணுக்கள் பிறப்பது குறைகிறது என்று விலங்கு ஆய்வுகள் சொல்கின்றன. அணுக்கள் கூட்டமாக மடிந்திருந்தால் மீட்சிக்கு வழியிருக்காது. கிளை குட்டையானது என்றால் மறுபடி துளிர்க்கும்.

ஆனால் இந்த மீட்சி முழுமையானதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். கட்டியை எடுத்து, ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் சீராகி ஆண்டுக்கணக்கான பிறகும், நினைவும் கவனமும் மனநிலையும் பழையபடி ஆகவில்லை என்று சொல்வோர் கணிசம். நெதர்லாந்தின் லைடன் உட்படப் பல இடங்களில் நடந்த ஆய்வுகள் அவர்கள் சொல்வதை உறுதிசெய்கின்றன. அறுவைக்குப் பிறகான மாதங்கள் இன்னும் கடினமானவை. அதுவரை ஓய்ந்திருந்த இயல்பான சுரப்பு விழித்துக்கொள்ளும்வரை கார்டிசால் திடீரென்று இறங்கிவிடும். உடல்வலி, களைப்பு, ஆழ்ந்த சோர்வு சூழ்ந்துகொள்ளும். ‘கட்டிதான் போயிடுச்சே, இன்னும் என்ன?’ என்று வீட்டார் கேட்பது அந்த நேரத்தில்தான்.

குறைந்தால் மங்கும் உலகம்

எதிர்த்திசையில் நிற்பது அடிசன் நோய். லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் 1855-இல் வெளியிட்ட சிறு நூலில் இதை விவரித்தார். அட்ரினல் சுரப்பிகள் அழிந்துபோனவர்களுக்குத் தாங்க முடியாத களைப்பு, எடைக்குறைவு, குமட்டல், தோலில் படரும் கருமை வந்தன. அன்று காசநோய்தான் அட்ரினலை அழித்த முக்கியக் காரணம். மேலை நாடுகளில் இப்போது உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்குவதுதான் அதிகம். இந்தியாவில் காசநோய் இன்னும் பட்டியலில் இருந்து இறங்கவில்லை.

தோல் கறுப்பது வெள்ளைக்காரர்களிடம் கண்ணில் படும். நம்மிடம் அது தப்பிவிடும். வெயிலில் அலைந்தால் கறுக்காதா என்று விட்டுவிடுவோம். உள்ளங்கை ரேகைகள், ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம், பழைய தழும்புகள் ஆகியவை கறுத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஊறுகாயும் அப்பளமும் போதாமல் உப்பை அப்படியே வாயில் போடத் தோன்றுவதும் ஒரு தடயம்.

மூளையில் இது எப்படித் தெரிகிறது? எதிலும் பிடிப்பில்லாமை, மந்தம், நினைவுத் தடுமாற்றம், காரணமற்ற எரிச்சல். 1940-களிலேயே அடிசன் நோயாளிகளின் மூளை மின்னலைப் பதிவு வேகம் குறைந்திருப்பதைக் கண்டிருந்தார்கள். இந்த அறிகுறிகளை மட்டும் ஒரு தாளில் எழுதி நீட்டினால் எவரும் மனச்சோர்வு என்றுதான் படிப்பார்கள். அப்படிப் படித்து மனச்சோர்வு மாத்திரையோடு அனுப்பப்படுவோர் உலகெங்கும் இருக்கிறார்கள். மாத்திரை கொடுத்ததைத் தவறென்று சொல்ல மாட்டேன். அதனோடு சோடியம், பொட்டாசியம், காலை 8 மணிக்கு எடுத்த கார்டிசால் இவற்றையும் பார்க்கச் சொல்லியிருக்கலாம். எடை குறைந்துகொண்டே போகிற, எழுந்து நின்றால் தலைசுற்றுகிற ஒருவர் ‘மனசு சரியில்லை’ என்று வரும்போது இந்தப் பரிசோதனைகளை நினைவில் கொள்ளாதது பெரிய பிழை.

கண்டுபிடித்துவிட்டால் இது வாழக்கூடிய நோய். அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடிக்கு 1947-இல் லண்டனில் அடிசன் நோய் உறுதியானது. ஹார்மோன் மருந்துகளின் துணையோடுதான் அவர் தேர்தலில் நின்றார், வெள்ளை மாளிகைக்குப் போனார்.

இந்த இடத்தில் அட்ரினலின் உள்பகுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி வந்தால் அட்ரினலினும் நார்அட்ரினலினும் பீறிடும். நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும், செத்துவிடுவோம் என்ற பீதி பிடிக்கும். பதற்ற நோய் என்றே இவர்கள் சிகிச்சை பெறுவதுண்டு. பீதியோடு கடும் தலைவலியும் எகிறும் ரத்த அழுத்தமும் சேர்ந்து வந்தால் மெட்டாநெஃப்ரின் பரிசோதனை வேண்டும். கவனிக்காமல் விட்டால் பக்கவாதத்தில் முடியலாம்.

அளவு மட்டும் போதாது, நேரமும் வேண்டும்

அடிசன் நோய்க்கு ஹைட்ரோகார்ட்டிசோன் (மருந்து வடிவக் கார்டிசால்) மாத்திரை கொடுக்கிறார்கள். நாளொன்றுக்கு 15 முதல் 25 மி.கி. வரை, இரண்டு மூன்று வேளையாக. கணக்குப்படி உடலுக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது. ஆனாலும் பலர் களைப்பு தீரவில்லை, தூக்கம் சரியில்லை, தலைக்குள் பனிமூட்டம் என்று சொல்லிக்கொண்டேயிருக்கிறார்கள். மருத்துவர்கள் நெடுங்காலம் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சோடியம் சரி, ரத்த அழுத்தம் சரி, பிறகென்ன என்பது அவர்கள் கேள்வி.

நலமான உடலில் கார்டிசால் ஒரே சீராக ஓடுவதில்லை. நள்ளிரவில் அடிமட்டத்துக்குப் போய், பின்னிரவில் ஏறத் தொடங்கி, விழிக்கும் நேரத்தில் உச்சம் தொட்டு, அந்தியில் இறங்கும். அதற்குள்ளேயும் ஏறத்தாழ மணிக்கொரு தடவை துடிப்பு துடிப்பாக வரும். ஏரியில் தண்ணீர் எவ்வளவு இருந்தாலும், முறை வைத்துத் திறந்தால்தான் கடைமடை வயல் விளையும். ஒரேயடியாகத் திறந்துவிட்டுப் பிறகு அடைத்தால் ஒரு வயல் அழுகும், ஒரு வயல் காயும். மாத்திரை செய்வது கிட்டத்தட்ட அதைத்தான். விழுங்கிய ஒரு மணி நேரத்தில் உச்சம், சில மணி நேரத்தில் வறட்சி. உடல் கார்டிசாலைத் தேடும் விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு ரத்தத்தில் ஒன்றுமே இருக்காது.

பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஸ்டாஃபோர்ட் லைட்மேன் குழு 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, நோயாளிகளின் புகாருக்கு அறிவியல் எடை சேர்த்தது. நலமாக இருக்கும் 15 ஆண்களின் சொந்தக் கார்டிசாலை மருந்தால் அடக்கிவிட்டு, ஒரே அளவு ஹைட்ரோகார்ட்டிசோனை மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: வேளைக்கு மாத்திரையாக, சிறு பம்ப் மூலம் சீரான சொட்டாக, அதே பம்ப் மூலம் இயற்கையைப் போன்ற துடிப்பாக. அளவு மாறவில்லை. ஆனால் தூக்கமும் மனநிலையும் நினைவுத் திறனும், முகங்களில் உள்ள உணர்ச்சியை அறியும் விதமும் மாறின. மூளை ஸ்கேனிலும் வேறுபாடு தெரிந்தது.

பதினைந்தே பேர், சில நாள்களே நீடித்த ஆய்வு. அதைக் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ‘எல்லாம் நார்மல்’ என்று தாளைக் காட்டி நோயாளியை அனுப்பிவைக்கும் வழக்கத்தை இது கேள்விக்குள்ளாக்குகிறது. மருந்து மெல்லக் கரைந்து இயற்கையின் ஏற்ற இறக்கத்தை ஓரளவு ஒத்துவரும் மாத்திரைகள் ஐரோப்பாவில் 2011-இலிருந்து புழக்கத்துக்கு வந்தன. இரவில் விழுங்கினால் பின்னிரவில் வேலை செய்யும் வகை, பிறவி அட்ரினல் நோய்க்காக 2021-இல் அனுமதி பெற்றது. இவற்றின் விலை நம் நோயாளிகளுக்கு எட்டும் தூரத்தில் இல்லை. இருக்கும் சாதாரண மாத்திரையையே எழுந்தவுடன் முதல் வேளை, மாலைக்குள் கடைசி வேளை என்று நேரம் பார்த்து எடுப்பதும், கடைசி வேளையை இரவுக்குத் தள்ளாமல் இருப்பதும் தூக்கத்துக்கு உதவும்.

சென்னையின் குழந்தைகள்

பிறக்கும்போதே அட்ரினல் கார்டிசால் செய்ய முடியாமல் வரும் நோய் ஒன்று உண்டு. பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி என்பார்கள். ஒரு நொதி குறைவதால் கார்டிசால் உருவாகாது. பிட்யூட்டரி விடாமல் தூண்ட, சுரப்பி வீங்கி ஆண்தன்மை ஹார்மோன்களை மட்டும் மிகுதியாகச் செய்யும். உலக அளவில் சுமார் 15,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்த நோய். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாட்டின் பெருநகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைச் சோதித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், இங்கே 5,762-க்கு ஒன்று என்று தெரியவந்தது. சென்னையில் மட்டும் 2,036-க்கு ஒன்று.

இந்த எண்ணைப் படித்தபோது எனக்குத் திக்கென்றது. தாய், தந்தை இருவரும் பழுதான மரபணுவைச் சுமந்தால்தான் குழந்தைக்கு நோய் வரும். அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள் மணமுடிக்கும் வழக்கம் இதற்கு வாய்ப்பைக் கூட்டுகிறது. பெண் குழந்தையின் பிறப்புறுப்பில் மாற்றம் தெரிவதால் சந்தேகம் எழும். ஆண் குழந்தை பார்க்க நலமாகவே இருக்கும். இரண்டாவது வாரத்தில் வாந்தி, சோர்வு, உப்பு இழப்பு. சர்க்கரையும் சோடியமும் சரிந்து வலிப்பு வரலாம். பிழைத்தாலும் மூளையில் காயம் நிற்கலாம். பல குழந்தைகள் காரணம் தெரியாமலே போய்விடுகின்றன. குதிகாலில் எடுக்கும் ஒரு துளி ரத்தம் இதைச் சொல்லிவிடும். ஆனாலும் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தச் சோதனையைச் செய்யும் நாடு தழுவிய திட்டம் நம்மிடம் இல்லை. சென்னைக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ்நாடு இதில் முன்னே நடக்க வேண்டும்.

சிகிச்சையிலும் கத்திமுனை நடைதான். ஆண்தன்மை ஹார்மோனை அடக்க, உடலின் தேவைக்கு மேலேயே கார்டிசால் வகை ஸ்டீராய்டு கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த நோயோடு வளர்ந்தவர்களில் ஹிப்போகாம்பஸும் அமிக்டலா என்ற இன்னொரு மூளைப்பகுதியும் சற்றுச் சிறுத்திருப்பதாகச் சில ஸ்கேன் ஆய்வுகள் காட்டுகின்றன. நோயாலா, மருந்தாலா என்று பிரித்துச் சொல்வது கடினம். 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்த கிரினெசர்ஃபான்ட் என்ற மருந்து, பிட்யூட்டரியின் தூண்டுதலையே தணிப்பதால் ஸ்டீராய்டு அளவைக் குறைக்க வழிவிடுகிறது. நல்ல செய்தி, மூளைக்கு அது என்ன செய்கிறது என்பதைக் காலம்தான் காட்டும்.

கருவிலேயே சிகிச்சை என்ற முயற்சி ஒரு பாடம். பெண் சிசுவின் உறுப்பு மாற்றத்தைத் தடுக்கத் தாய்க்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தார்கள். கர்ப்பத்தின் ஏழாவது வாரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அப்போது சிசு ஆணா பெண்ணா, நோய் உண்டா என்று தெரியாது. நான்கில் ஒரு சிசுவுக்குத்தான் நோய், அதில் பாதிதான் பெண். ஆக, எட்டில் ஏழு சிசுக்கள் தமக்குத் தேவையே இல்லாத மருந்தைப் பெற்றன. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். சிலருக்கு நினைவுத் திறன் தேர்வுகளில் பின்னடைவு தெரிந்ததும், 2010-இல் அங்கே இந்தச் சிகிச்சையை நிறுத்தினார்கள். பிள்ளைகள் வளர்ந்த பிறகு வந்த ஆய்வுகளில் அந்தப் பின்னடைவு அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. இருந்தும், ஐயம் எழுந்தவுடன் நிறுத்திய அந்த முடிவை நான் மதிக்கிறேன்.

ஆண் பிள்ளைக்கு அடிசன் நோய் கண்டால் இன்னொன்றையும் உடனே பார்க்க வேண்டும்: அட்ரினோலியூக்கோடிஸ்ட்ரோஃபி. ஒரே மரபணுப் பழுது அட்ரினலையும் மூளையின் வெண்பகுதியையும் அரிக்கும் நோய். 1992-இல் வந்த ‘லொரென்சோஸ் ஆயில்’ படம் இதைப் பற்றியது. நன்றாகப் படித்த பையன் திடீரென்று கவனம் சிதறுகிறான், கையெழுத்து கோணுகிறது, கூப்பிட்டால் திரும்புவதில்லை. குறும்பு என்று அடி விழுகிறது. ஹைட்ரோகார்ட்டிசோன் சுரப்பியின் குறையை ஈடுசெய்யும், மூளையைக் காப்பாற்றாது. எலும்பு மஜ்ஜை மாற்று, நோய் மூளையில் பரவும் முன்பே செய்தால்தான் பலன் தரும்.

மருந்துக்கடை கார்டிசால்

இவையெல்லாம் அபூர்வ நோய்கள். ஆனால் பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் என்ற பெயர்களில் ஸ்டீராய்டு நம் தெருமுனை மருந்துக்கடை வரை வந்துவிட்டது. ஆஸ்துமா, மூட்டுவாதம், தோல் நோய், சிறுநீரக நோய், புற்றுநோய் என்று அது காப்பாற்றும் உயிர்கள் ஏராளம். கொரோனா காலத்தில் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களின் சாவைக் குறைத்தது டெக்ஸாமெத்தசோன்தான். அந்த மருந்தை யாரும் வில்லனாக்கக் கூடாது.

ஒரு கணக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். உடல் ஒரு நாளில் சுரக்கும் கார்டிசால் சுமார் 10 மி.கி. 40 மி.கி. பிரெட்னிசோலோன் என்பது 160 மி.கி. கார்டிசாலுக்குச் சமம். மூளை அதை உணராமல் இருக்குமா? 1972-இல் அமெரிக்காவின் பாஸ்டன் ஆய்வுக் குழு கணக்கெடுத்தது. பிரெட்னிசோன் 40 மி.கி. வரை எடுத்தவர்களில் 1.3 விழுக்காட்டினருக்கும், 41 முதல் 80 மி.கி. வரை எடுத்தவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கும், 80-க்கு மேல் எடுத்தவர்களில் 18.4 விழுக்காட்டினருக்கும் மனநலப் பாதிப்பு வந்தது. அளவு ஏற ஏற ஆபத்து ஏறுகிறது. பெரும்பாலும் முதல் ஓரிரு வாரங்களில், தூக்கம் கெடுவதில்தான் தொடங்குகிறது. மாத்திரை எழுதிக்கொடுக்கும்போதே மருத்துவர் நோயாளியிடமும் கூட வந்தவரிடமும் இதைச் சொல்லிவிட்டால் பாதிக் கலவரம் தவிர்ந்துவிடும். சொல்லாததால்தான் பேய் பிடித்துவிட்டது என்று கோயில் கோயிலாக அலைகிறார்கள்.

ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு டெக்ஸாமெத்தசோன் இன்றியமையாதது. அதைச் சாப்பிடும் நாள்களில் பிள்ளைகள் அழுது அடம்பிடிப்பதைப் பெற்றோர் அறிவார்கள். டெக்ஸாமெத்தசோன் அட்ரினலை அடக்கிவிடுகிறது. அதே நேரம் மூளையின் முதல் வகை ஏற்பிகளில் அது சரியாக உட்காருவதில்லை. ஆக அந்த ஏற்பிகள் காலியாகக் கிடக்கின்றனவோ என்று டி க்ளோட் வழியில் வந்தவர்கள் யோசித்தார்கள். 2016-இல் நெதர்லாந்தில் 50 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், கூடவே கொஞ்சம் ஹைட்ரோகார்ட்டிசோன் கொடுத்தபோது கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணம் தெரிந்தது. நம்பிக்கையோடு அங்கேயே இன்னோர் ஆய்வு செய்தார்கள். அதில் ஹைட்ரோகார்ட்டிசோன் வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. அழகான விளக்கம் ஒன்று கிடைத்துவிட்டதே என்று முடிவைத் திரிக்காமல் அவர்கள் அதை அப்படியே வெளியிட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் துன்பத்துக்கு வழி இன்னும் தேடப்படுகிறது.

நம் ஊரில் கவலை வேறு வகையானது. முழங்கால் வலிக்கும் மூச்சிரைப்புக்கும் சீட்டில்லாமல் வாங்கும் வெள்ளை மாத்திரைகள், பெயரில்லாத பொட்டலத்தில் வரும் ‘மூலிகை’ப் பொடிகள், முகம் வெளுக்க மாதக்கணக்கில் பூசும் கிரீம்கள் ஆகியவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்படுகிறது. சாப்பிட்டவுடன் வலி போகும், பசி எடுக்கும், உற்சாகம் வரும். இந்த உற்சாகமே மூளை மீது ஹார்மோன் செய்யும் வேலை. மாதங்கள் செல்ல, வெளியிலிருந்து வருவதால் சொந்த அட்ரினல் உறங்கிவிடும். ஒரு நாள் பொடியை நிறுத்தினால் கார்டிசால் முற்றாக அற்றுப்போகும். களைப்பு, சோர்வு, குழப்பம், சிலருக்குத் தற்கொலை எண்ணம் வரை போகும். வெளியூர்ப் பயணத்தில் மாத்திரை தீர்ந்துபோனாலும், பக்கவிளைவுக்குப் பயந்து தானாக நிறுத்தினாலும் இதே கதிதான். மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் ஸ்டீராய்டு எடுத்தவர்கள் அதை மருத்துவர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

அந்த ஒரு ஊசி

அட்ரினல் குறைபாடு உள்ளவர்களுக்கும், நீண்டகாலமாக ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் மிகப் பெரிய ஆபத்து ஒரு சாதாரணக் காய்ச்சலிலோ வயிற்றுப்போக்கிலோதான் காத்திருக்கிறது. நலமான உடல் அந்த நேரத்தில் கார்டிசாலைப் பல மடங்கு கூட்டிக்கொள்ளும். இவர்களால் முடியாது. அதனால்தான் காய்ச்சலின்போது மாத்திரையை இரட்டிப்பாக்கவோ மும்மடங்காக்கவோ மருத்துவர்கள் முன்கூட்டியே சொல்லிவைக்கிறார்கள். வாந்தியெடுத்தால் மாத்திரை வயிற்றில் நிற்காது. ரத்த அழுத்தம் விழும், சர்க்கரையும் சோடியமும் சரியும், ஆள் பிதற்றுவார், பிறகு நினைவு தப்பும். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று உளறுகிறார் என்றால் மூளைக்காய்ச்சல், பக்கவாதம், குடிவெறி என்று ஒவ்வொன்றாகச் சந்தேகித்துக்கொண்டிருக்க நேரமில்லை.

100 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் உப்புநீர்ச் சொட்டும்தான் சிகிச்சை. விலை குறைவு, பெரும்பாலான மருத்துவமனைகளில் இருக்கும். ஊசிக்குப் பிறகு நீர் வெளியேறிச் சோடியம் மளமளவென்று ஏறிவிடவும் கூடும். அது மூளைத்தண்டின் நரம்புறைகளைச் சிதைக்கலாம் என்பதால் மணிக்கணக்கில் அளந்துகொண்டே கொண்டுபோக வேண்டும். ‘எனக்கு அட்ரினல் குறைபாடு, ஸ்டீராய்டு எடுக்கிறேன்’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை ஒன்று அவர்களுடைய பர்ஸில் இருக்க வேண்டும். கணவனோ மனைவியோ பிள்ளையோ, வீட்டில் ஒருவராவது இந்த ஊசியைத் தொடையில் போடக் கற்றிருக்க வேண்டும். மருத்துவமனையில் ரத்தம் எடுத்து கார்டிசால் பரிசோதனைக்கு அனுப்பலாம். ஆனால் அதன் முடிவு வரும்வரை ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.